‘கம்’ தாதுவும் எங்கள் வீடும்

வியாசர்பாடி வாரியக் குடியிருப்பில் என்னோடு அடிபம்பில் வரிசை நின்ற சிநேகிதிகளே, இப்போது எல்லோரும் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். உட்கார்ந்தபடியே கேளுங்கள். எங்கள் வீட்டைப் பற்றி உங்களில் பாதிப் பேருக்கு ஒரு கதை தெரியும். புத்த சங்கத்துச் செயலாளர் வீட்டிலேயே திருட்டுத்தனமாக ஐயரை வைத்துத் திவசம் செய்தார்கள் என்பது அந்தக் கதை. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், பாயசம் குடித்துக்கொண்டே, ஒருத்தி என்னிடமே அதைக் கேட்டாள். வந்ததே எனக்குக் கோபம்! ஐயரும் வரவில்லை, திவசமும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் ஒரு வினைச்சொல். அந்த ஒற்றை வினைச்சொல்லால் ஒரு பங்குனி முழுக்க எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டர். புத்த சங்கத்துக்கு அவர்தான் செயலாளர், வேலை முடிந்து வந்தால் சங்கம், சங்கம் விட்டால் வேலை. குடியிருப்புக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட விகாரையும், உள்ளே வெள்ளை சிமெண்டு புத்தரும் உங்களுக்கு நினைவிருக்கும். அதன் இரும்புக் கேட்டை நைனாதான் தன் கையால் அடித்துப் பற்றவைத்தார். சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். எங்கள் வீடுகளில் ஐயரும் கிடையாது, திதியும் கிடையாது. பிறந்தாலும் செத்தாலும் சங்கத்து ஆட்கள் வந்து நின்று மூன்று சரணம் சொல்வார்கள். அதோடு முடிந்தது.

அக்காவை ஆறாம் வகுப்பில் சேர்க்க நைனா ராயபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கு அழைத்துப் போனார். தமிழ்ப் பிரிவு நிறைந்துவிட்டது, சமஸ்கிருதப் பிரிவில்தான் இடம் இருக்கிறது என்று தலைமை ஆசிரியை கையை விரித்தார்.

“எந்த பாஷையா இருந்தா இன்னாம்மா, பெஞ்சில குந்த எடம் குடுங்க” என்று நைனா கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். சங்கத்தில் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. எழுதிப் படிக்கிற பாடமாக இருந்தவரை யாருக்கும் தெரியவும் இல்லை.

ஒன்பதாம் வகுப்பில் சிக்கல் வந்தது. முழு ஆண்டுப் பரீட்சையில் வாய்மொழித் தேர்வு ஒன்று உண்டு. வெளியிலிருந்து ஒரு பண்டிதர் வருவார். ஆளுக்கொரு தாது, அதாவது வினைச்சொல்லின் வேர். அந்த வேர் எப்படியெல்லாம் திரியும், அதிலிருந்து என்னென்ன சொற்கள் கிளைத்தன என்று பண்டிதர் எதிரில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தவறவிட்டால் பத்தாம் வகுப்பு கிடையாது. அக்காவுக்கு விழுந்தது ‘கம்’. போவது என்று பொருள்.

நைனா இரும்புத் தகட்டில் அளவு குறிக்க வைத்திருக்கும் தடித்த சாக்பீஸ் ஒன்றை எடுத்து, எங்கள் குளிக்கிற இடத்துச் சிமெண்டுச் சுவரில் அக்கா எழுதினாள். நடுவில் ‘கம்’. சுற்றிலும் கோடு கோடாகச் சொற்கள். விடிந்ததும் அடுப்பு மூட்டுகிற நேரத்தில் ஆரம்பித்துவிடுவாள். கச்சதி, கச்சத:, கச்சந்தி. போகிறான், இருவர் போகிறார்கள், பலர் போகிறார்கள். எனக்குப் பத்து வயது. பல் விளக்கிக்கொண்டே அவள் எதிரில் நிற்பேன். என்னை நிற்க வைத்துத்தான் படிப்பாள்.

“இத்தப் பாரு. ககம். ஆகாசத்துல போறது. இன்னா சொல்லு?”

“ஏரோப்ளேன்.”

“தலைல ஒண்ணு வெப்பேன். பட்சிடீ. உரகம், மார்பால ஊந்து போறது. பாம்பு. துரகம், வேகமாப் போறது. குதிர.”

“எங்கியும் போவாதது?”

“அதுக்கும் கீது. நகம், ந-ன்னா இல்ல. மலை.”

போகாத மலைக்கும் போகிற வேரிலிருந்தே ஒரு பெயர்! நான் வாயில் இருந்த பற்பொடியை விழுங்கிவிட்டேன். ஜகத்தும் அதிலிருந்து வந்ததுதான், உலகம் ஓயாமல் போய்க்கொண்டிருப்பதால். கதியும் அதுதான். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் இல்லை என்று திரும்பி வந்து, “இதான் நம்ம கதி” என்று அம்மா டின்னைத் தூக்கிப் போடுவாளே, அதே கதி. முன்னால் ஒரு சின்னத் துண்டை ஒட்டினால் சொல் போகிற திசையே மாறிவிடும். ஆகமனம் என்றால் வருவது. நிர்கமனம் வெளியே போவது. சங்கமம் ஒன்றுகூடுவது. பேசின் பிரிட்ஜ் யார்டில் பாயிண்ட் மாற்றினால் வண்டி வேறு தடத்துக்குப் போய்விடுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலீஷில் வா என்பதற்குக் ‘கம்’ என்கிறோமே, அதுவும் இந்தக் ‘கம்’மும் ஒரே பழைய வேரிலிருந்து பிரிந்தவை என்று சமஸ்கிருத டீச்சர் சொல்லியிருந்தார். அக்கா அதை வீட்டில் சொன்னதும் நைனாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“அப்ப எங்க ஃபோர்மேன் கம் கம்முன்னு கூப்புடறானே, போன்னு அர்த்தமா? நாளைக்கு அவன் கூப்ட்டா நேரா வூட்டுக்கு வந்துடறேன்.”

அந்த மாதம் எங்கள் வீட்டில் கேட்ட கடைசிச் சிரிப்பு அதுதான்.

அதற்கு முந்தின பங்குனியில் நைனாவின் அப்பா இறந்துபோயிருந்தார். வருஷம் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த வாரம் பார்த்தா அம்மா எள் வாங்க வேண்டும்? அக்கா வயசுக்கு வந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது, எள்ளுருண்டை பிடித்துக் கொடுத்தால் உடம்புக்கு நல்லது என்று வாங்கி, வாசலில் உட்கார்ந்து முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தாள். கீழ் வீட்டு அத்தை அதைப் பார்த்துவிட்டாள். காலையில் அக்காவின் குரலையும் கேட்டிருக்கிறாள். எள், மந்திரம், மாமனாரின் வருஷம். வேறென்ன வேண்டும்? அடிபம்பில் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னாம்மே, உம் பொண்ணு காலங்காத்தால மந்திரம் ஓதிகினு கீது? ஐயரு எப்ப வராரு?”

“பாடம் படிக்குதுக்கா.”

“யாராண்ட டபாய்க்கிற? பாடத்துக்கு எள்ளு எதுக்கும்மே?”

அம்மா பாதிக் குடத்தோடு திரும்பி வந்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் குடியிருப்பு முழுக்கப் பரவிவிட்டது. விகாரைச் சாவியை இடுப்பில் வைத்திருக்கிறவன் வீட்டில் ஐயர் வந்து திவசம்! நம்ம ஆட்களுக்கு இதைவிடப் பெரிய துரோகம் இல்லை. நேற்றுவரை நைனாவுக்கு வணக்கம் சொன்னவர்கள் அவரைக் கண்டால் பீடியை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள்.

மறுநாளே சங்கத் தலைவர் வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் தலைவர்தான். நைனா நாற்காலியை எடுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

“எள்ளு இன்னாத்துக்குப்பா?”

“திங்கறதுக்கு தலைவரே.”

“மந்திரம்?”

“அது ஸ்கூல் பாடம் தலைவரே. சமஸ்கிருதம். ஆறாவதுலருந்து படிக்குது. வேற எடம் கெடைக்கல.”

தலைவர் சுவரில் இருந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு திரும்பினார்.

“திவசம் இல்லன்னு நீ சொன்னா நான் நம்பறேன். ஆனா பொண்ண அந்தக் கிளாஸ்லருந்து எடு. அவனுங்க எதிர்ல போயி நின்னு பரீச்ச குடுக்கறது நமக்கு வேணாம். இல்ல, அங்கதான் வுடுவேன்னா, சாவிய எங்கிட்ட குட்த்துடு.”

“பரீச்ச பக்கத்துல வந்துட்ச்சி தலைவரே. அடுத்த வெள்ளிக்கெயம, ராயபுரம் ஸ்கூல்லியே.”

“அதுக்குத்தான் சொல்றேன். பரீச்சைக்கு அனுப்பாத.”

அவர் போனதும் நைனா அம்மா முகத்தைப் பார்க்காமல் சொன்னார், “இந்த வருஷத்தோட படிப்பு போதும். எண்ணூர் எறா கம்பெனில எங்க சித்தப்பா கீறாரு. சொல்லி சேத்துடலாம்.”

எறா கம்பெனி என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். நம் குடியிருப்பிலிருந்தே போனார்களே, ஐஸில் கிடக்கும் இறாலை நாள் முழுக்க உரித்து விரல் நுனியெல்லாம் வெந்தது மாதிரி வெளுத்துப் பிளந்து, சோற்றைப் பிசையக்கூட முடியாமல் ஸ்பூன் கேட்டார்களே. எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த நாற்றம் தலைமுடியை விட்டுப் போகாது. அக்காவுக்குப் பதினாலு வயது.

“நான் எறா உரிக்க மாட்டேன் நைனா” என்றாள்.

நைனா எழுந்து போய் ஒரு பக்கெட் தண்ணீரைச் சுவரில் அடித்தார். ககமும் உரகமும் துரகமும் வெள்ளைத் தண்ணியாகச் சாக்கடையில் இறங்கின. எனக்கு அழுகையாக வந்தது. அக்கா அழவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விகாரையில் எல்லோரும் கூடினார்கள். அன்று வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம், என்ன நடக்கும் என்று பார்க்க வந்த கூட்டம். மணலிப் பக்கமிருந்து காற்று அடித்து உரக் கம்பெனி நெடி கண்ணைக் கரித்தது. சரணம் சொல்ல ஆரம்பித்தோம். புத்தம் சரணம் கச்சாமி. தம்மம் சரணம் கச்சாமி. சங்கம் சரணம் கச்சாமி. முடிந்து எல்லோரும் தலையைத் தூக்குவதற்குள் அக்கா எழுந்து நின்றுவிட்டாள்.

“தலைவரே, நம்ம கச்சாமியும் அதே கம்முலருந்து வந்ததுதான். அடைக்கலமாப் போறேன்னு அர்த்தம். ததாகதர், சுகதர்னு புத்தரக் கூப்புடறோமே, அந்தப் பேர்லயும் அதே வேருதான் கீது. நான் படிக்கிறது வேற ஒண்ணும் இல்ல. நம்ம சொல்றதத்தான்.”

நான் நினைத்தேன், ஆஹா, அக்கா ஜெயித்துவிட்டாள் என்று. பத்து வயது மண்டை. கூட்டத்தில் கொதித்துவிட்டார்கள்.

“அப்ப நம்மளுதும் அவனுங்க போட்ட பிச்சைன்றியா?” என்று ஒருவர் கத்தினார். “கொயந்தைய வுட்டு பேச வெக்கிறான் பாரு” என்று இன்னொருவர் நைனாவைக் கை காட்டினார். தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் போனதைப் பார்த்து நைனா அக்காவின் கன்னத்தில் அறைந்தார். அதற்கு முன் எங்கள் இருவரையும் அவர் தொட்டு அடித்ததே கிடையாது. அடித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

இப்போது யோசித்தால் நைனா மேல் பாவமாகத்தான் இருக்கிறது. தலைவருக்கு அந்த மொழி மேல் ஜென்மப் பகை என்று அவர் நினைத்துக்கொண்டார். சாவியா மகளா என்று தலைவர் கேட்டதாக அவருக்குப் பட்டது. அவர் சாவியைத் தேர்ந்தெடுத்தார். அன்று எனக்கு அது புரியவும் இல்லை, நான் மன்னிக்கவும் இல்லை.

தேர்வு நாள் வந்தது. தொழிற்சாலைச் சங்கு ஊதுவதற்கு முன்பே நைனா கிளம்பிப் போயிருந்தார். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நாலு நாளும் சத்தம் வராமல் அப்படித்தான் படித்தாள். அம்மா வந்து போர்வையை உருவினாள்.

“எய்ந்திரு. மொகம் கய்வு. ஸ்கூலுக்குப் போறோம்.”

“நைனா?”

“அந்தாள நான் பாத்துக்கறேன். நீ ஜடையப் போடு.”

அம்மா யாரையும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. தண்ணி லாரி வந்தால்கூட மற்றவர்கள் பிடித்த பிறகுதான் குடத்தை வைப்பாள். அன்று வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ராயபுரத்தில் இறங்கியபோது காற்றில் கருவாட்டு வாசம். பள்ளிக்கூட வாசலை நெருங்கும்போது அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. வலித்தது.

கேட்டருகில் தலைவர் நின்றுகொண்டிருந்தார். சலவை வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு.

தடுக்கத்தான் வந்திருக்கிறார், வேறு எதற்கு?

“தலைவரே, வய்யி வுடுங்க” என்றாள் அம்மா.

“எந்த ரூமு?”

“சொல்ல மாட்டேன். எம் பொண்ணு உள்ள போவத்தான் போவா. சங்கத்துல நீங்க இன்னா வோணா முடிவு பண்ணிக்கங்க.”

அவர் எங்கள் பின்னாலேயே நடந்து வந்தார். மாடி வராந்தாவில் பிள்ளைகள் சுவரோரம் முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள். அறை வாசலில் அக்கா பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் உள்ளே போனதும் அம்மா வாசலுக்கும் தலைவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். அவர் ஜன்னலோரம் காதை வைத்தார்.

உள்ளே ஒரு வயதான குரல் என்னவோ கேட்டது. அக்காவின் குரல் ஆரம்பித்தது. கச்சதி, கச்சத:, கச்சந்தி. பிறகு கதி. கமனம். ஆகமனம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று நின்றுவிட்டது.

நின்றது நின்றதுதான். சத்தமே இல்லை. ஒரு நாற்காலி இழுபடுகிற ஓசை. தலைவர் ஜன்னலை விட்டு வாசலை நோக்கி விறுவிறுவென்று வந்தார். அம்மா இரண்டு கையையும் விரித்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு அடி வெச்சிங்கன்னா கத்தி ஊரக் கூட்டிடுவேன்.”

அவருக்கு மூச்சு வாங்கியது. நான் அம்மாவின் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அப்போது உள்ளே அக்கா மறுபடி ஆரம்பித்தாள். ககம். உரகம். துரகம். கடைசியில் நகம் என்று சொன்னபோது அந்த வயதான குரல் சிரித்தது.

அக்கா தேறினாள். பத்தாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்தாள், எறா கம்பெனி வாசலை அவள் மிதிக்கவே இல்லை. தலைவர் நைனாவிடம் என்ன பேசினார் என்று தெரியாது, சாவி கடைசிவரை நைனாவிடமே இருந்தது. அதெல்லாம் பிறகு நடந்தவை. அன்று அக்கா வெளியே வந்ததும் நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மாவின் கைக்குக் கீழே குனிந்து வந்த அவள் எங்களைப் பார்த்துச் சிரிப்பதற்குள் தலைவர் மறித்துக்கொண்டார்.

“நடுவுல ஏன் நின்ன? வெளிய போவச் சொன்னானா?”

“இல்ல தலைவரே. தொண்ட காஞ்சிபோச்சி. இருமல் வந்துட்ச்சி. தண்ணி குட்த்தாரு.”

“எதுல?”

அக்காவுக்குப் புரியவில்லை. “இன்னாது?”

“தண்ணிய எதுல குட்த்தான்னு கேக்கறேன்.”

“டம்ளர்ல. அவரு மேச மேல இருந்துச்சே, அதுல.”

“கைய நீட்டச் சொல்லி மேலருந்து ஊத்தல?”

“இல்ல. டம்ளரயே எங்கையில குட்த்தாரு. சேரு இழுத்துப் போட்டு குந்திகினு குடிம்மான்னாரு.”

“குடிச்சதும் கய்வி வெக்கச் சொன்னானா?”

“இல்ல தலைவரே. அவரே வாங்கி வெச்சிகினாரு.”

தலைவர் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு பெரிய ஆள், அவ்வளவு பெரிய கிரேனை ஓட்டியவர், துண்டை வாயில் அடைத்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்க அழுதார். பரீட்சைக்கு நின்ற பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

“அப்ப உன்னவிட கொஞ்சம் பெரிய பையன் நானு” என்றார் அக்காவிடம். “தம்மம் படிக்கணும், அதுக்கு இந்த பாஷ வோணும்னு ஒரு பண்டிதரு வூட்டுக்குப் போனேன். சாக்கடைக்கு அந்தாண்ட நிக்க வெச்சான். மொத வரி சொல்லச் சொன்னான். வெயிலு, நாக்கு ஒட்டிகிச்சி. தண்ணி கேட்டேன். மேலருந்து கையில ஊத்தனான். காலெல்லாம் சேறு. தாகம் தீந்துட்ச்சில்ல, கெளம்புன்னான். பசங்கல்லாம் சிரிச்சானுங்க.”

துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

“உன்னயும் அப்டி நிக்க வெச்சா என்னால தாங்க முடியாது. அதான் வேணாம்னேன். உங்கம்மா எப்டியும் இட்டுகினு வந்துடும்னு தெரியும். அவனுங்க தொரத்துனா வூட்டுக்கு இட்டுகினு போவ கூட ஒரு ஆம்பள வோணுமேன்னுதான் காத்தாலருந்து நிக்கிறேன்.”

அவரைத் தடுக்க விரித்த கைகளை அம்மா அப்போதுதான் கீழே இறக்கினாள். அவளுக்கும் கண்ணில் தண்ணீர் கொட்டியது, கூடவே கோபமும் வந்தது.

“இத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா கேடு உங்களுக்கு? ஒரு வார்த்த சொல்லியிருந்தா எம் பொண்ணு அடி வாங்கியிருக்குமா?”

தலைவர் தலையைத் தூக்கவில்லை.

“எப்டிம்மா சொல்றது” என்றார். “எம் பொஞ்சாதிக்கே தெரியாது.”